கோட்டு போட்ட என் அண்ணன்

கோட்டு வேண்டும் என்று கேட்டது நான்தான்.

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கதையில் நீங்கள் என் மச்சான் மணியைத் திட்ட ஆரம்பித்து விடுவீர்கள். பாவம், அவன் பேனர் அடித்ததோடு சரி. "மாமா, வெறும் சட்டையில இருக்கிற போட்டோ எடுப்பா இல்லியே" என்று அவன் இழுத்தபோது, "கம்ப்யூட்டர்ல ஒரு கோட்டு மாட்டிவிடச் சொல்லேன்" என்று சொன்னது இந்த வாய். அவன் வண்டியை எடுத்த பிறகு ஓடிப்போய் "டையும்!" என்று கத்தியதும் இதே வாய்.

போன வாரம் என் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோன கதையைப் படித்துவிட்டு, 'உமது வாழ்க்கையில் தீராத சரக்கு எதுவுமே இல்லையா?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இருக்கிறது ஐயா. என் மடத்தனம். அதில் ஒரு கரண்டி இந்த வாரம்.

செஞ்சியில் மார்க்கெட் கமிட்டி என்று ஒன்று உண்டு. சுற்றுவட்டார நெல்லெல்லாம் ஏலத்துக்கு வந்து சேருகிற இடம். யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை, கமிட்டி என்றால் கமிட்டிதான். அன்றைக்குக் கொட்டகை நிறைந்து போய், வெளியே களத்திலும் நெல்லைக் குவித்து வைத்திருந்தார்கள். நான் ஒரு வியாபாரியிடம் சாக்கு வாய் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் நெல்லை அள்ளிக் கொட்டுவார், கொட்டும்போது சாக்கின் வாயை விரித்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். இந்த வேலைக்குத் தகுதி இரண்டு: சாக்கின் வாய் திறந்திருக்க வேண்டும், நம் வாய் மூடியிருக்க வேண்டும். முதலாவது எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. இரண்டாவதற்கு இன்னும் பயிற்சியில் இருக்கிறேன். திறந்தால் உமி உள்ளே போகும்.

மத்தியானம் தாண்டி ராஜகிரி காணாமல் போனது. மலை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் குடை தேட நேரமில்லை என்று பொருள். "மழடோய்!" என்று யாரோ கத்த, களமே ஓடியது.

கமிட்டியில் மழை வந்தால் ஊரின் மொத்த வரலாறும் வெளியே வந்துவிடும். நெல்லை மூட எல்லோரும் பழைய பேனரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு குவியல் மேல் காதணி விழா, பக்கத்துக் குவியல் மேல் கண்ணீர் அஞ்சலி. அதற்கு அப்பால் ஏதோ ஒரு தேர்தலில் தோற்றவர் இன்னும் கும்பிட்டபடியே இருந்தார்.

அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர் தனியாக மல்லாடிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். சுருட்டி வைத்திருந்த பேனர் விரிந்தது. முதலில் கறுப்புக் கோட்டு வந்தது. பிறகு சிவப்பு டை. பிறகு, கழுத்து இல்லாமல், நேராக ஒரு தலை.

என் தலை. பல்லெல்லாம் தெரிய நெல் மேல் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பேனர் காற்றில் பறக்காமலிருக்க அவர் என் வலது கண் மேல் ஒரு செங்கல்லை வைத்தார்.

வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

அவர் என்ன கேட்டார் என்று சொல்வதற்கு முன்னால், அந்தக் கோட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

கழுத்தைக் காணோம்

ஒரகடம் பக்கம், வண்டிகளுக்கு பிரேக் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் நான் பல வருஷம் காண்ட்ராக்ட். வேலை, செக்கிங். பாகத்தை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் சிவப்பு ட்ரே, இல்லையென்றால் பச்சை ட்ரே. வாரம் முழுக்க அங்கே ஒரு ரூமில் ஏழெட்டுப் பேரோடு படுக்கை. வார லீவுக்கு செஞ்சி.

காண்ட்ராக்ட் ஆளுக்குக் கழுத்தில் நீல நாடா, பர்மனென்ட் ஆளுக்குப் பச்சை நாடா. கேன்டீனில் நாடாவைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். எனக்குப் பச்சை நாடா கிடைத்த வாரம், அதை மாட்டிக்கொண்டே கறிக்கடைக்குப் போனேன். கறிக்கடைக்காரர், "இன்னா, ஆட்டுக்கு வெட்னரியா?" என்று கேட்டார். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

மணி பேனர் அடித்தான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் பேனர்தான். நண்பன் பைக் வாங்கினால் பேனர், அந்த பைக் திருட்டுப் போய்த் திரும்பக் கிடைத்தால் அதற்கும் ஒன்று. 'பணி நிரந்தரம் பெற்ற எங்கள் பாசமிகு மாமா ஏழுமலை அவர்களை வாழ்த்தி மகிழும்' என்று ஆரம்பித்து, கீழே வட்டம் வட்டமாக அவன் கூட்டாளிகள் காதில் போனை வைத்துக்கொண்டு நின்றார்கள். பின்னணியில் கடலும் வானத்தை முட்டும் கட்டடங்களும். எங்கள் கம்பெனி ஒரு தகரக் கொட்டகை. அதன் பின்னால் எருமை மேயும்.

என் மகள் பவித்ரா ஒன்பதாவது படிக்கிறாள். கூட்ரோட்டில் கட்டிய பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அப்பா, உனக்குக் கழுத்தக் காணோம்."

என் அப்பா, எங்களுக்கு நைனா, வல்லம் பக்கத்து ஊரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார். வேலையை விட்டுவிட்டு, பேனரைப் பார்க்கவென்றே பஸ் ஏறி வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கோட்டு யாருதுடா?"

"கம்ப்யூட்டருது நைனா."

"அப்ப திருப்பிக் குடுக்க வேணாமா?"

"வேணாம் நைனா."

"நல்லதாப் போச்சு" என்றார்.

கோட்டை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. உண்மைதான். கேட்டது வேறு.

இனிமேல்தான் நிஜமான மடத்தனம். என் மனைவி சுமதி செய்யாறு பக்கம் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். விடியுமுன் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்து இறங்குவாள். அன்றைக்கும் அப்படித்தான் இறங்கினாள். வீங்கிய காலோடு, கையில் டிபன் டப்பாவோடு, பேனருக்குக் கீழே நின்றாள். மணியின் கூட்டாளிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சபை கூடியிருக்கிறது, மேலே நான் கோட்டில் இருக்கிறேன். சும்மா இருக்க முடியுமா?

"இனிமே நீ பஸ் ஏற வேணாம்" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "வேலைய வுட்டுடு."

பையன்கள் விசிலடித்தார்கள்.

அவள் பேனரைப் பார்த்தாள். "யோசிச்சிச் சொல்றியா மாமா?"

"பர்மனென்ட்டுடி" என்றேன். "யோசிக்க இன்னா இருக்குது?"

அடுத்த வாரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

சமோசா வந்தால் உஷார்

கம்பெனியில் எங்களைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டார்கள். போனவுடன் ஆளுக்கொரு சமோசா. காரணமில்லாமல் கம்பெனி சமோசா கொடுத்தால், தின்னுவதற்கு முன் வாசலைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இது என் அனுபவ வைத்தியம்.

பேசியவன் என் தம்பி வயதுப் பையன். சந்தை சரியில்லை என்றான். ஆர்டர் பாதிக்கு வந்துவிட்டது என்றான். கடைசியாக நிரந்தரம் ஆனவர்கள் முதலில் போக வேண்டியிருக்கும் என்றான். சொல்லும்போது அவன் கையில் சமோசா தூள் ஒட்டியிருந்தது, துடைத்துக்கொண்டே இருந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் கழுத்தில் கிடந்தது நீல நாடா.

பையோடு கூட்ரோட்டில் இறங்கினேன். மேலே நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழே நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

டீக்கடை சேகர் கேட்டான்: "இன்னா ஏழுமல, லீவா?"

"லீவுதான்."

"எத்தினி நாளு?"

"பர்மனென்ட்டா" என்றேன்.

அவன் சிரித்தான். டீ போட்டுக் கொடுத்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. அதன் பிறகு அவன் கொஞ்ச நேரம் யாருக்கும் டீ போடவில்லை.

சுமதி திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு சொல்லி, சண்டை போட்டு, சோறு தின்று படுத்திருக்கலாம். அவள் அரிசியைக் களைந்தாள். ஆனால் அன்றிலிருந்து என்னை மாமா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். 'ஏங்க'வும் இல்லை, 'யோவ்'வும் இல்லை. "தண்ணி வந்துடுச்சி" என்பாள், சுவரைப் பார்த்து. "கேஸ் தீந்துடுச்சி" என்பாள், சிலிண்டரைப் பார்த்து. எனக்கா, சிலிண்டருக்கா என்று நான்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

பேரண்ட்ஸ் வெளியே நிற்கவும்

வேலை தேடினேன். தேடாமலா?

ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் ஆதாரை வாங்கி, என் முகத்தைப் பார்க்காமல் பிறந்த வருஷத்தைத்தான் பார்த்தார்கள். நாற்பதைத் தாண்டியவனுக்கு இந்த நாட்டில் பொண்ணு பார்ப்பதுகூடச் சுலபம். ஓரிடத்தில் அனுபவம் கேட்டார்கள். நிறைய இருக்கிறது என்றேன். "அதான் சார் பிரச்சன" என்றார்கள்.

விழுப்புரத்தில் வேலைவாய்ப்பு முகாம் என்று போனேன். மணி இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை, தலைக்கு லேசாகச் சாயம். வாசலில் செக்யூரிட்டி மரியாதையாகத்தான் பேசினார்.

"பையன கூட்டிட்டு வந்தீங்களா சார்? அவன் உள்ள போவட்டும். பேரண்ட்ஸ் எல்லாம் அந்த மரத்தாண்ட நில்லுங்க."

மரத்தடியில் நின்றேன். நிழல் நன்றாக இருந்தது. அங்கே என்னைப் போல இன்னும் சில பேரண்ட்ஸ் கையில் ஃபைலோடு நின்றிருந்தார்கள். ஒருவர் தயங்கித் தயங்கி, "உங்க பையன் இன்னா படிச்சிருக்கான்?" என்று கேட்டார். "ஐடிஐ ஃபிட்டர்" என்றேன், என் படிப்பை. "என் பையனும் அதான்" என்றார். அவர் மீசையில் சாயம் காயவில்லை.

சும்மாதானே இருக்கே

வேலை இல்லாதவனுக்கு எவ்வளவு வேலை என்பது வேலையில் இருப்பவனுக்குத் தெரியாது.

"சும்மாதானே இருக்கே, ரேஷன்ல கொஞ்சம் நில்லேன்." "சும்மாதானே இருக்கே, எங்க அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயேன்." தெருவில் யார் வீட்டுக்குக் கரண்ட் போனாலும் ஆபீசுக்குப் போய்ச் சொல்கிறவன் நான். கல்யாண வீட்டில் வாழை மரம் கட்டுகிறவன் நான், சாவு வீட்டில் ஐஸ் பெட்டிக்குப் போன் போடுகிறவனும் நான். கம்பெனியில் நான் ஒருநாளும் ஓவர்டைம் இப்படிப் பார்த்ததில்லை.

எல்லாவற்றிலும் மோசம், வெளியூர்ச் சொந்தக்காரர்களை மலையேற்றுவது. ஊரில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் "கோட்டையப் பாக்கணும்" என்பார்கள். வீட்டுக்காரர்களுக்கு முட்டி வலிக்கும், உடனே என் ஞாபகம் வரும். ஒரு வாரத்தில் பலமுறை ராஜகிரி ஏறி இறங்கினேன். அந்தக் காலத்துச் சிப்பாய்கூட எதிரி வந்தால்தான் ஏறியிருப்பான். கடைசியில் அங்கிருக்கும் குரங்குகளுக்கே என் முகம் பழகிவிட்டது. மற்றவர்கள் கையிலிருந்து பிடுங்கும், என்னைப் பார்த்தால் வழிவிடும். இவனிடம் ஒன்றும் இருக்காது என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முடியாது என்று சொல்வதற்கும் ஒரு வேலை வேண்டும். "ஷிப்ட் இருக்குது" என்று சொல்கிறவனுடைய முடியாதுக்குத்தான் மதிப்பு.

அந்த நேரத்தில்தான் கமிட்டியில் சாக்கு வாய் பிடிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அதுவும் நெல் வருகிற காலம் வரைதான். நெல் நின்றால் நானும் நின்றுவிடுவேன்.

டப்பா

இதற்கு நடுவில் சுமதி தன் பழைய கம்பெனிக்குப் போய்க் கேட்டாள். கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள், இப்போதைக்கு ஆள் எடுக்கவில்லை என்று. அங்கேயும் ஆர்டர் இல்லையாம். கண்காணாத ஊரில் யாரோ ஒருத்தன், பழைய ஷூவையே இன்னும் கொஞ்ச நாள் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்திருக்கிறான். நல்ல சிக்கனக்காரன். அவன் பெண்டாட்டி சந்தோஷப்பட்டிருப்பாள். இங்கே என் பெண்டாட்டி வேலை போய்விட்டது. இல்லை, சரியாகச் சொல்ல வேண்டும். வேலையை அவன் எடுக்கவில்லை. அதற்கு முன்பே நான் எடுத்துவிட்டேன்.

ஷூவைப் பெட்டியில் போட்டு ஒட்டுகிற பேக்கிங் வேலைக்கு மட்டும் ஒரு காண்ட்ராக்ட் வேன் காலையில் கூட்ரோட்டுக்கு வரும். அதில் ஏறுகிறவர்களை எண்ணி ஏற்றுவது தனம் அக்கா. வேனில் ஆள் குறைந்தால், அங்கே நிற்பவர்களில் ஒருத்தியை ஏற்றிக்கொள்வாள். அதற்காகவே சில பெண்கள் தினமும் வந்து நிற்பார்கள். சுமதியும் நிற்க ஆரம்பித்தாள்.

அந்த நிற்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கையில் டிபன் டப்பா இருக்க வேண்டும், வெளியே தெரிய வேண்டும். சமைத்துக் கட்டிக்கொண்டு வந்தவள், கூப்பிட்டால் அப்படியே ஏறிவிடுவாள் என்று அதற்கு அர்த்தம். வாயைத் திறந்து கேட்கக் கூடாது. யாராவது வரவில்லை என்றால் அவள் வீட்டில் ஏதோ சரியில்லை என்றுதானே பொருள்? குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கும், மாமியார் விழுந்திருப்பாள். 'இன்னைக்கி யாராச்சும் வரலியா?' என்று கேட்டால், அடுத்தவள் வீட்டில் கெட்டது நடக்கட்டும் என்று காத்திருந்த மாதிரி ஆகிவிடும். ஆகவே தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வேன் கிளம்பியதும், அன்றைக்கு நல்ல வெயில் என்பது போல ஏதாவது பேசிக்கொண்டு டப்பாவோடு திரும்புவார்கள்.

இது எனக்கு அப்போது தெரியாது. ஒருநாள் துணைக்குப் போனேன். வேன் வந்தது. இவ்வளவு பேர் இருந்தும் யாருமே வாயைத் திறக்கவில்லையே என்று, உதவி செய்கிற எண்ணத்தில், கையைத் தட்டிக் கேட்டேன்:

"தனம் அக்கா, இன்னைக்கி யாரு லீவு?"

வேனுக்குள் பேச்சு நின்றது. தனம் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஏழு மலையும் எரிந்திருக்கும்.

"ஏம்பா, யாரு வூட்ல எழவு வுழுந்திருக்குதுன்னு கேக்க வந்தியா?"

அன்றைக்கு நிஜமாகவே ஓர் ஆள் குறைவு. தனம் அக்கா சுமதிக்குப் பக்கத்தில் நின்றவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். சுமதி என் கையைக் கிள்ளினாள். அது மாதக் கணக்கில் அவள் என்னைத் தொட்ட முதல் தடவை என்பதால் வலியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து எனக்கு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், சேகர் டீக்கடைதான் எல்லை. அங்கிருந்து பார்ப்பேன். வேன் வரும், நிற்கும், போகும். சுமதி ரோட்டைத் தாண்டி வந்து டப்பாவை என் கையில் வைப்பாள். அதுதான் கமிட்டியில் எனக்கு மத்தியானச் சோறு. அவளுக்கு வேலை கிடைக்காத ஒவ்வொரு நாளும் நான் நன்றாகச் சாப்பிட்டேன். வேலை போய் இளைத்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்குத் தொப்பை வந்தது. எலுமிச்சம்பழச் சாதம், ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல். ஒவ்வொரு வாயும் நன்றாக இருக்கும். ஒவ்வொரு வாயும் இறங்காது.

மறுபடி மழை

இப்போது கமிட்டிக் களத்துக்கு வரலாம். நெல்லைக் கூட்டிய மேட்டின் மேல் கோட்டு போட்டுப் படுத்திருக்கிறேன். வலது கண்ணில் செங்கல். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பக்கத்திலும் நிற்கிறேன். பேனர் எப்படி அங்கே போனது என்றால், மணி கழற்றி ஒரு டிராக்டர்காரருக்குக் கொடுத்திருக்கிறான், அவர் இந்த விவசாயிக்குக் கொடுத்திருக்கிறார். எங்கள் ஊரில் வேலை போன பிறகும் வேலை கிடைப்பது பேனருக்குத்தான்.

விவசாயி கேட்டார்: "இதுல இருக்கிறது நீயா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் கோட்டின் மேல் ஓடி, டையின் வழியாக இறங்கி, 'பணி நிரந்தரம்' என்ற எழுத்தின் மேல் குட்டையாகத் தேங்கியது. ஒரு சொட்டுகூட நெல்லில் இறங்கவில்லை. கோட்டு நல்ல கோட்டுதான்.

"இல்லீங்க" என்றேன். "எங்க அண்ணன்."

"அதானே பாத்தேன். சாட அப்டியே இருக்குது." அவர் பேனரின் சுருக்கத்தை நீவிவிட்டார். "அண்ணன் பெரிய எடத்துல இருக்கிற மாதிரி தெரியுதே?"

"இருந்தாருங்க."

"இருந்தாருன்னா?"

"இருக்காருங்க."

அவர் என் தலையிலிருந்த சாக்கைப் பார்த்தார். உமி ஒட்டிய என் கையைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

"கூடப் பொறந்தவன் இப்டி கஷ்டப்படுறான். ஒரு வேல வாங்கிக் குடுக்க மாட்டானா? கோட்டு போட்டுட்டா கண்ணு தெரியாதா?"

"ஒரு கண்ணுல செங்கல்லு இருக்குதுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. செங்கல்லை எடுத்து, என் தோள் பக்கமாக, கோட்டின் மேல் வைத்தார்.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன். நைனாவிடம் சொல்வது போல, மணியிடம் சொல்வது போல, கை காலை ஆட்டிச் சொன்னேன். பவித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். சுமதி அடுப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தாள்.

"நீ இன்னா சொன்ன?" என்றாள், அடுப்பிடம்.

"அண்ணன்னு சொன்னேன்."

அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. பல வருஷம் செக்கிங்கில் இருந்தவன் நான், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

கூட்ரோடு, காலை

மறுநாள் மழை விட்டிருந்தது, ரோடு காயவில்லை. கூட்ரோட்டுக்கு நடந்தோம். சேகர் கடை வந்ததும் சுமதி டப்பாவை என் கையில் வைத்தாள்.

எனக்குப் புரியவில்லை. வேன் இன்னும் வரவேயில்லை.

"எப்டியும் திரும்பி வரப்போவுது" என்றாள். "எதுக்கு அத அங்க தூக்கிட்டுப் போயி, மறுபடி இங்க தூக்கிட்டு வர்றது?"

வெறுங்கையோடு ரோட்டைத் தாண்டிப் போய் நின்றாள். மற்றவர்கள் டப்பாவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து நிற்க, அவள் மட்டும் யாரையோ வழியனுப்ப வந்தவள் மாதிரி நின்றாள். கூப்பிட்டுக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். எனக்குக் கொடுத்திருந்த எல்லை டீக்கடை. டப்பா கையில் சுட்டது. அன்றைக்குப் புளிச்சாதம்.

வேன் வந்தது. தனம் அக்கா படியில் நின்றபடி தலைகளை எண்ணினாள். பிறகு கீழே நின்றவர்களைப் பார்த்தாள். ஒவ்வொரு டப்பாவாகக் கண் நகர்ந்து, டப்பா இல்லாத இடத்தில் நின்றது.

"இன்னாடி சுமதி, டப்பா எங்க?"

சுமதி தரையைப் பார்த்தாள்.

"கேக்குறேன் இல்ல? நம்ம ஷீலா நேத்தோட நின்னுட்டா, மாசம் ஆயிடுச்சி, புள்ள பெத்துட்டுத்தான் வருவா. அவ வர்ற வரைக்கும் நீ வா. நல்ல காரியத்துக்கு நின்னுருக்கா, யாரும் மூஞ்சத் தூக்க வேணாம். டப்பா இல்லாம வந்து மத்தியானம் பெட்டிய ஒட்டுற பசையத் தின்னுவியா? ஓடு, எடுத்துட்டு வா!"

சுமதி ஓடி வந்தாள். ரோட்டில் வந்த திண்டிவனம் பஸ் பிரேக் போட்டு நின்று ஹாரன் அடித்தது. அவள் திரும்பியே பார்க்கவில்லை. நனைந்த ரோட்டில் செருப்பு வழுக்க வழுக்க வந்து, மூச்சிரைக்க என் முன்னால் நின்றாள்.

ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கோட்டுக்காகவும், அன்றைக்கு இதே கூட்ரோட்டில் சபை நடுவில் சொன்னதற்காகவும், இத்தனை நாள் அவள் சோற்றை நான் தின்றதற்காகவும் சொல்ல வேண்டும். ஆனால் இந்த வாயைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே.

"மணிகிட்ட சொல்லி ஒரு பேனர் அடிச்சிடலாமா?" என்றேன். "உனக்கும் ஒரு கோட்டு போட்டு?"

அவள் கையை நீட்டினாள்.

"டப்பாவக் குடு மாமா."